சக்கையும் சாம்பலும்: ஆலைக் கழிவைக் குறித்து ஆயர் அறியவேண்டியவை

சில மாதங்களுக்கு முன் மருங்காபுரிப் பகுதியிலுள்ள ஒரு சிறு சபையில் ஞாயிறு ஆராதனை நடத்தச் சென்றிருந்தோம். ஆராதனை முடிந்தபின் சபையின் மூப்பர் ஒருவர் நம்மைத் தம் நிலத்திற்கு அழைத்துச் சென்றார். நான்கு ஏக்கர் மானாவாரி நிலம். முன்பு நிலக்கடலையும் கம்பும் விளைந்த அந்நிலம் மூன்றாண்டுகளாகத் தரிசாய்க் கிடந்தது. பிள்ளைகள் இருவரும் திருப்பூருக்கு வேலைக்குச் சென்றுவிட்டனர். காகித ஆலைக்கென்று மரம் வளர்ப்பதைப் பற்றி ஊரில் பேச்சு நடப்பதாகக் கூறிய அவர், "ஐயா, அந்த ஆலையிலே எதுவுமே வீணாகிறதில்லையாம். சாம்பலைக்கூடச் சிமெண்டு ஆக்கிவிடுகிறார்களாம். அப்படியானால் பூமிக்கு அது நல்லதுதானே? நாமும் மரம் வைக்கலாமா?" என்று வினவினார்.

நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. நிலத்தைப் பற்றி அவர் அறிந்ததில் நூற்றில் ஒரு பங்கும் நாம் அறியோம். ஆலையைப் பற்றியோ, அதன் புகைபோக்கியைத் தொலைவிலிருந்து கண்டதன்றி வேறு அறிவு நமக்கில்லை. மறுவாரமே தொழில்நுட்பம் பயின்ற சபையார் சிலரிடமும், நூல்களிலும், ஆலைகளில் பணிசெய்து ஓய்வுபெற்றோரிடமும் கேட்டறியத் தொடங்கினோம். அவ்வாறு அறிந்தவற்றை நம் உடன் ஊழியர்களோடும் இறையியல் மாணவர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருச்சிராப்பள்ளியைச் சுற்றியுள்ள சபைகளில் பணிபுரியும் எந்தப் போதகரும் பெருந்தொழிலை அறியாமல் தம் மக்களை அறிய முடியாது. பொன்மலை ரயில்வே பணிமனை 1920களின் இறுதி முதல் இயங்கி வருகிறது. டால்மியாபுரம் சிமெண்டு ஆலை 1939இல் தோன்றியது. திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனம் 1960களின் நடுவில் கொதிகலன்களைச் செய்யத் தொடங்கியது. மணப்பாறைக்கு அருகே மொண்டிப்பட்டியில் 2016இல் காகித அட்டை ஆலை வந்தது. நம் சபைப் பதிவேடுகளில் 'தொழில்' என்னும் பத்தியில் இவை யாவும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் நம் பிரசங்கங்களில் ஆலை தோன்றும்பொழுது ஒன்று வேலைக்காக நன்றி செலுத்துமிடமாகத் தோன்றுகிறது, அல்லது ஆற்றைக் கெடுத்த பாவியாகத் தோன்றுகிறது. உள்ளே நடப்பது என்ன என்று நாம் கேட்பதில்லை.

சுழற்சிப் பொருளாதாரம் என்னும் சொற்றொடர் இப்பொழுது அரசு அறிக்கைகளிலும் நிறுவனங்களின் விளம்பரங்களிலும் மலிந்து காணப்படுகிறது. கருத்து எளியது. பூமியிலிருந்து எடு, பொருளாக்கு, பயன்படுத்து, எறிந்துவிடு என்று நேர்கோட்டில் செல்லும் தொழில்முறைக்கு மாற்றாக, எறிவதையே மீண்டும் எடுப்பதாக மாற்றி, கோட்டின் இரு முனைகளையும் இணைத்து வட்டமாக்குவது. 1966இல் கென்னத் போல்டிங் என்னும் பொருளியலறிஞர் பூமியை ஒரு விண்கலத்திற்கு ஒப்பிட்டு எழுதிய கட்டுரை இச்சிந்தனைக்கு ஊற்றுகளில் ஒன்று. கலத்தினுள் எறிவதற்கு 'வெளி' என்று ஓரிடம் இல்லை என்பது அவர் வாதம். அவர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர் என்பது நம் வாசகர்க்கு ஆர்வமூட்டலாம். 1976இல் வால்ட்டர் ஸ்டாகெல், ஜெனவியேவ் ரெடே ஆகிய இருவரும் ஐரோப்பிய ஆணையத்திற்கு அளித்த அறிக்கையில், பொருள்களைப் பழுதுபார்த்து நெடுநாள் பயன்படுத்துவதால் மூலப்பொருள் மிஞ்சுவது மட்டுமன்றி வேலைவாய்ப்பும் பெருகும் என்று காட்டினர். டென்மார்க்கிலுள்ள கலுண்ட்போர்க் என்னும் சிறு துறைமுகநகரில் இது 1970களிலேயே நடைமுறைக்கு வந்தது. அங்கு ஓர் ஆலையின் மிச்ச வாயு அடுத்த ஆலைக்கு எரிபொருளாயிற்று. மின்நிலையத்தின் புகையைச் சுத்திகரிக்கையில் கிடைத்த ஜிப்சம் சுவர்ப்பலகை செய்யும் ஆலைக்குச் சென்றது. மின்நிலையத்தின் நீராவி நகரத்து வீடுகளைச் சூடாக்கியது.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இதை விளக்குவது கடினமன்று. முற்றுப்பெறாத வினையை நாம் எச்சம் என்கிறோம். பெயரெச்சம் ஒரு பெயரையும் வினையெச்சம் ஒரு வினையையும் கொண்டு முடியக் காத்திருக்கிறது. அதுபோல ஆலையிலிருந்து வெளிவரும் மிச்சப்பொருளும் தன்னைக் கொண்டு முடிக்கும் வேறொரு தொழிலுக்குக் காத்திருக்கும் எச்சமே. அத்தொழில் கிடைக்காத நாள்வரை அதற்குக் கழிவு என்று பெயர். இவ்வொப்புமையை நாம் அதிகம் நீட்ட விரும்பவில்லை. ஏனெனில் எதைக்கொண்டும் முடியாத எச்சங்களும் ஆலையில் உண்டு. அவற்றைப் பின்னர்க் காண்போம்.

நம் பகுதிக்கு மிக அண்மையில் இம்முறையைப் பெரிய அளவில் கைக்கொண்ட ஆலை தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமாகும். 1979இல் மாநில அரசினால் பதிவுசெய்யப்பட்டு, உலக வங்கியின் கடனுதவியுடன், கரூர் மாவட்டம் புகளூரில் காவிரிக் கரையருகே கட்டப்பட்டு, 1980களின் நடுவில் உற்பத்தியைத் தொடங்கியது. அவ்விடத்திற்கே காகிதபுரம் என்று பெயராயிற்று. தொடக்கத்தில் அதன் திறன் ஆண்டுக்கு 90,000 டன். இன்று அது நான்கு லட்சம் டன்னை எட்டியுள்ளது. காட்டு மரத்தை வெட்டாமல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வது என்பதே அதன் தோற்றத்திற்குக் காரணமான எண்ணம். அக்காலத்தில் இது துணிகரமான முயற்சியே. உலகில் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்ட மிகப்பெரிய ஆலைகளுள் ஒன்றாக அது வளர்ந்தது.

திருச்சியின் சேஷசாயி குடும்பத்தாரும் இத்துறையில் முன்னோடிகள் என்பதை இங்குச் சொல்லியாகவேண்டும். இவர்கள் 1960இல் தொடங்கிய காகித நிறுவனத்தின் ஆலை பள்ளிபாளையத்தில் உள்ளது. அதற்குச் சக்கை தடையின்றிக் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே அருகில் பொன்னி சர்க்கரை ஆலையை நிறுவினர். காகிதத்திற்காகச் சர்க்கரை ஆலை ஏற்படுத்தப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். எது முதற்பொருள், எது கழிவு என்பது நாம் நிற்குமிடத்தைப் பொறுத்தது.

ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் சுமார் 300 கிலோ சக்கை கிடைக்கும். அதில் பாதி ஈரம். சர்க்கரை ஆலைகள் அதைக் குப்பையில் எறிந்துகொண்டிருந்தன என்று எண்ணுவது தவறு. அவை அதைத் தம் கொதிகலனில் எரித்து, அந்நீராவியினாலேயே சாற்றைக் காய்ச்சிவந்தன. ஆகவே சக்கையைக் காகித ஆலை கேட்டபொழுது, "அப்படியானால் நாங்கள் எதை எரிப்பது?" என்னும் வினா எழுந்தது. விடையாகப் பண்டமாற்று ஒப்பந்தம் ஏற்பட்டது. சர்க்கரை ஆலையில் நிலக்கரிக் கொதிகலனைக் காகித நிறுவனம் அமைத்துக் கொடுக்கும், நிலக்கரியும் தரும், சர்க்கரை ஆலை சக்கையைத் தரும். ஏறத்தாழ இரண்டு டன் ஈரச்சக்கை தரும் வெப்பத்தை ஒரு டன் நிலக்கரி தந்துவிடும்.

இங்கே சற்று நிற்போம். மரம் காக்கப்பட்டது, மெய்யே. ஆனால் அதன் விலையாகப் பூமியின் அடியிலிருந்து நிலக்கரி தோண்டப்பட்டது. ஆண்டுதோறும் மீண்டும் விளையும் எரிபொருளுக்குப் பதிலாக, ஒருமுறை எரித்தால் மீளாத எரிபொருள் அடுப்பில் இடப்பட்டது. வட்டம் என்று நாம் காணும் படத்தில் ஓரிடத்தில் வெளியிலிருந்து ஒரு கோடு வந்து சேருகிறது. விளம்பரப் படங்களில் அக்கோடு வரையப்படுவதில்லை. நிறுவனத்தைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. காட்டைக் காப்பாற்றும் வேறு வழி அன்று அவர்கள் கையில் இல்லை. ஆனால் 'எதுவும் வீணாவதில்லை' என்பதைக் கேட்கும்பொழுது, 'அதற்காக எது புதிதாக எடுக்கப்படுகிறது?' என்ற வினாவையும் உடன் கேட்கப் பழகவேண்டும்.

ஆலைக்கு வந்த சக்கை முழுவதும் காகிதமாவதில்லை. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பஞ்சு போன்ற சோறு. அது இழையன்று, கூழைக் கெடுக்கும். அதைப் பிரித்தெடுத்துக் கொதிகலனில் எரிக்கின்றனர். கரும்பு அரவை சில மாதங்களே நடக்கும், காகிதமோ ஆண்டு முழுவதும் வேண்டும். ஆகையால் சக்கையை மலைபோல் குவித்து, நீர் தெளித்து ஈரமாகவே வைத்திருப்பர். அதைக் கழுவிய நீரில் சர்க்கரையும் புளித்த அமிலங்களும் மிகுந்திருக்கும். முன்பு அந்நீர் பெருந்தொல்லையாக இருந்தது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அதைக் காற்றில்லாத தொட்டிகளில் நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைத்து, எரிவாயு எடுத்து, சுண்ணாம்புச் சூளையில் உலை எண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படுத்தத் தொடங்கினர். கிராமத்தில் சாண எரிவாயுக் கலத்தைக் கண்டவர்க்கு இதில் புதுமை ஏதுமில்லை, அளவுதான் பெரிது.

இம்முழு அமைப்பின் இதயம் வேறிடத்தில் உள்ளது. அதை விரிவாகக் கூற வாசகர் பொறுத்தருள்க. நம்மை வியப்பில் ஆழ்த்தியது அதுவே.

மரமோ சக்கையோ, அதன் இழைகளை ஒட்டிவைத்திருப்பது லிக்னின் என்னும் பசைப்பொருள். அதைக் கரைத்தால்தான் கூழ் கிடைக்கும். கார்ல் டால் என்னும் ஜெர்மானிய வேதியியலர் 1879இல் கண்டறிந்த முறைப்படி, எரிசோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் அதை வேகவைக்கின்றனர். வெந்தபின் கூழைக் கழுவியெடுத்தால் மிஞ்சுவது கறுத்த சாறு. அதில் கரைந்த லிக்னினும் விலையுயர்ந்த உப்புகளும் கலந்திருக்கும். சிறிய ஆலைகள் பல அதை அப்படியே ஆற்றில் விட்டன. நம் நாட்டில் ஆறுகள் பல கறுத்ததற்கு அதுவே காரணம். பெரிய ஆலைகளோ அச்சாற்றைக் கெட்டியாகும்வரை காய்ச்சி, தனிவகைக் கொதிகலனில் தெளித்து எரிக்கின்றன. லிக்னின் எரிந்து வெப்பமாகிறது. அவ்வெப்பம் நீராவியாகி மின்சாரமும் தருகிறது. உப்புகள் எரியாமல் உருகிக் கொதிகலனின் அடியில் ஒழுகும். அவற்றை நீரில் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்தால் மீண்டும் எரிசோடா கிடைக்கும். இக்கொதிகலனை 1930களில் டாம்லின்சன் என்பவர் செம்மைப்படுத்திய பின்னரே டாலின் முறை உலகெங்கும் பரவியது. நன்கு நடத்தப்படும் ஆலையில் வேகவைக்கப் பயன்பட்ட உப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு மீண்டும் அதே வேலைக்குத் திரும்பிவிடும். சுழற்சிப் பொருளாதாரம் என்ற பெயர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, யாருக்கும் நற்சான்றிதழ் வழங்கும் நோக்கமின்றி, வெறும் செலவுக் கணக்கினால் பிறந்த ஏற்பாடு இது. தீமையைத் தவிர்க்க எப்பொழுதும் புனிதர்களே தேவை என்பதில்லை போலும்.

சேர்த்த சுண்ணாம்பு என்னவாயிற்று? அது சுண்ணாம்புச் சேறாக அடியில் படியும். மரக்கூழ் ஆலையானால் அச்சேற்றைச் சூளையிலிட்டு மீண்டும் சுட்ட சுண்ணாம்பாக்கி வட்டத்தை முடித்துவிடலாம். சக்கையில் ஒரு சிக்கல். புல்வகைத் தாவரங்கள் யாவற்றிலும் மணற்சத்து உண்டு. கரும்பும் ஒரு புல்லே. அம்மணற்சத்து சாற்றில் கரைந்து, சேற்றோடு சேர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் பெருகும். ஆகவே ஒரு பகுதிச் சேற்றை வெளியேற்றியே தீரவேண்டும். காகிதபுரத்தில் அது நெடுங்காலம் குவிந்து கிடந்தது. நிலக்கரிக் கொதிகலன்களின் சாம்பலும் அதனருகே குவிந்தது. இந்தியக் கரியில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் சாம்பல் என்பது பலர் அறிந்ததே. சிமெண்டுக்கு வேண்டுவதோ சுண்ணாம்பும் மணற்சத்தும் அலுமினாவும்! இரு குவியல்களும் சேர்ந்தால் சிமெண்டின் மூலப்பொருள். 2010க்குப் பிந்திய ஆண்டுகளில் ஆலை வளாகத்திலேயே சிமெண்டு ஆலை அமைக்கப்பட்டது. மூப்பர் கேள்விப்பட்டது இதைத்தான். அவர் கேள்விப்பட்டது சரியே.

சாம்பல் விஷயத்தில் சட்டமும் துணைநின்றது. மின்நிலையங்களின் சாம்பலைச் செங்கல்லிலும் சிமெண்டிலும் பயன்படுத்தவேண்டும் என்று மத்திய அரசு 1999இல் முதலில் ஆணையிட்டது. 2021இன் இறுதியில் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. சாம்பல் கலந்த சிமெண்டு தாழ்ந்தது என்னும் எண்ணம் நம் கட்டடக் குழுக்களில் இன்னும் உண்டு. ஆலயம் கட்டும் சபையார் இதை நம்மிடம் பலமுறை கேட்டுள்ளனர். இந்தியத் தரநிர்ணயப்படி நூற்றுக்கு 35 பங்கு வரை சாம்பல் சேர்க்கலாம். அது மெதுவாக இறுகும், ஆகையால் நீர் தெளித்துப் பதப்படுத்தும் நாள்களைக் குறைக்கலாகாது. பொறுமை காட்டினால் வலுவில் குறைவில்லை.

இனி வட்டம் உடையும் இடத்திற்கு வருவோம்.

வேகவைத்த கூழ் பழுப்பாக இருக்கும். அதை வெளுக்கக் குளோரின் சேர்ந்த பொருள்கள் பயன்பட்டன. முன்பு குளோரின் வாயுவையே பயன்படுத்தினர். அதிலிருந்து கொடிய நச்சுப்பொருள்கள் உண்டாகின்றன என்று தெரிந்தபின், பெரிய ஆலைகள் குளோரின் டையாக்சைடுக்கு மாறின. நச்சு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் வெளுத்த நீரில் உப்பு மிஞ்சும். இந்நீரை முன்சொன்ன கொதிகலனுக்குத் திருப்பியனுப்பினால் குளோரைடு அதன் இரும்பை அரித்துவிடும். ஆகவே அது வெளியேறவேண்டியதே. கறுப்பையும் நாற்றத்தையும் நுண்ணுயிர்கள் நீக்கிவிடும். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்பதில்லை.

அந்நீர் எங்கே செல்கிறது? புகளூரில் 1995 முதல் விவசாயிகளின் சங்கம் ஒன்று அதைக் குழாய் வழியே பெற்று, ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் பாய்ச்சுகிறது. வறண்ட மேட்டுநிலம் தென்னந்தோப்பாயிற்று. மழை பொய்த்த ஆண்டுகளிலும் அந்நீர் நின்றதில்லை. ஆலைக்கும் நன்மை, உழவர்க்கும் நன்மை. ஆனால் சோடியம் மிகுந்த நீர் ஆண்டுக்கணக்கில் களிமண்ணில் பாயுமானால் மண் இறுகும், வடிகால் கெடும், அடிநீரும் மெல்ல உவர்க்கும். ஜிப்சம் இட்டு, வடிகால் வெட்டி, உப்பைப் பொறுக்கும் பயிரையே வைத்து, கிணறுகளை இடைவிடாமல் சோதித்து வந்தால்தான் இவ்வேற்பாடு நிலைக்கும். மண்ணை ஒரு சுத்திகரிப்பு நிலையமாகப் பயன்படுத்தும்பொழுது, அம்மண்ணுக்கு யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கவேண்டும். முன்பு ஒரு டன் காகிதத்திற்கு இருநூறு கனமீட்டருக்கு மேல் நீர் செலவழித்த நம் நாட்டு ஆலைகளுள் நவீனப்படுத்தப்பட்டவை இன்று ஏறத்தாழ அதில் நான்கில் ஒரு பங்கைக் கொண்டு நடக்கின்றன. நீர் குறைந்தது நன்றே. ஆனால் உப்பின் அளவு அதே விகிதத்தில் குறையாவிடில், வெளிவரும் நீரின் உவர்ப்பு ஏறும்.

புகளூருக்கு மேற்கே சிறிது தொலைவில்தான் நொய்யல் காவிரியோடு கலக்கிறது. உப்பு என்ன செய்யும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் தமிழ்நாட்டில் இல்லை. 1992இல் பாசனத்திற்காகத் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அணை எங்களுக்கு வேண்டாம் என்று உழவரே வழக்காடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட ஆணையிட்டது. பின்னர்த் துளி நீரும் வெளிவிடாத முறை அங்கே கட்டாயமாயிற்று. நீர் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மீட்கப்படுகிறது. சாயமிடும் உப்பில் பெரும்பகுதியும் மீண்டும் சாயத்தொட்டிக்கே செல்கிறது. மகத்தான சாதனையே. எனினும் பலவகை உப்புகள் கலந்து பிரிக்கவியலாத ஒரு மிச்சம் மூட்டைகளில் அடுக்கப்பட்டுக் கூடங்களில் காத்துக்கிடக்கிறது. எதைக்கொண்டும் முடியாத எச்சம் என்று மேலே குறிப்பிட்டது இதைத்தான்.

மாசு செய்தவனே சீர்செய்யும் செலவையும் ஏற்கவேண்டும் என்னும் நெறியை, வேலூர்ப் பகுதித் தோல்பதனிடும் ஆலைகளைப் பற்றிய வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. நம் மாணவர் அத்தீர்ப்பைப் படிக்கவேண்டும். தீர்க்கர் நூல்களைப் படித்தபின் படித்தால் இன்னும் நன்று.

கழிவுக்காகிதத்தைப் பற்றியும் சில வார்த்தைகள். இந்தியாவின் காகித உற்பத்தியில் பெரும்பகுதி இன்று பழைய காகிதத்திலிருந்தே வருகிறது. காகிதபுரத்திலும் 2013ஐ ஒட்டி மை நீக்கும் ஆலை அமைந்தது. ஆனால் இழை ஒவ்வொரு முறை கூழாகும்பொழுதும் குறுகும். ஐந்தாறு சுற்றுக்குப்பின் அது சேறாகிவிடும். ஆகவே எப்பொழுதும் புது இழை சிறிது சேர்ந்தே ஆகவேண்டும். ஜார்ஜெஸ்கு-ரோகன் என்னும் ருமேனியப் பொருளியலறிஞர் 1971இல் எழுதிய பெருநூலின் மையக் கருத்தும் இதுவே: எந்தச் சுழற்சியும் தன் தொடக்கத்திற்கு முழுமையாகத் திரும்புவதில்லை, சிறிது சிதறியே தீரும். மேலும், வட்டத்தை முதலில் தொடங்கிவைப்பவர் யார்? விடியற்காலையில் சாக்குப்பையுடன் தெருவில் குனியும் பெண்மணியே. அவருடைய கூலி எந்த அறிக்கையிலும் மூலப்பொருள் செலவாக எழுதப்படுவதில்லை. அவர்களுள் சிலர் நம் சபைகளில் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர்.

வேதத்தில் இதற்கு இடமுண்டா எனில், உண்டு. ஆனால் நாம் வழக்கமாகத் தேடுமிடத்தில் இல்லை. நரகத்திற்கு ஆதாரமான இன்னோம் பள்ளத்தாக்கு எருசலேமின் குப்பைமேடு என்று பிரசங்கங்களில் அடிக்கடி சொல்கிறோம். அச்செய்தி சுமார் 1200ஆம் ஆண்டு வாழ்ந்த டேவிட் கிம்கி என்னும் யூத உரையாசிரியரிடம்தான் முதலில் காணப்படுகிறது. அதற்கு முந்திய சான்று கிடைக்கவில்லை. நாமும் பல ஆண்டுகள் அதைக் கூறிவந்தவர்களே. உறுதியான இடம் உபாகமம் 20:19. முற்றுகைக் காலத்திலும் கனிதரும் மரத்தை வெட்டலாகாது என்னும் அக்கட்டளையை யூத ஆசிரியர்கள் விரித்து, ஆடை, பாண்டம், உணவு என எதையும் தேவையின்றி அழிக்கலாகாது என்னும் நெறியாக்கினர். மைமோனிடஸ் அதைத் தம் சட்டத்தொகுப்பில் அரசர்களுக்குரிய பகுதியில் வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. போரிடும் அரசனே, அதாவது பெருஞ்செயல் புரியும் ஆற்றலுடையவனே, அக்கட்டளைக்கு முதலில் உட்பட்டவன். யோவான் 6:12இல் ஆண்டவர் மீதியைச் சேர்க்கச் சொன்னதும் ஐயாயிரம் பேர் திருப்தியானபின்தான் என்பதை மறவாதிருப்போம். முதலில் யாவரும் உண்டனர். கூடைகளின் கணக்கு அதன் பிறகே வந்தது.

மூப்பரின் வினாவுக்குத் திரும்புவோம். சக்கையை நம்பி எழுந்த ஆலைக்கு இப்பொழுது மரம் எதற்கு? 1990கள் முதல் சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்து மின்சாரம் விற்கத் தொடங்கின. சக்கைக்கு விலை ஏறிற்று. 2012க்குப் பின் மழை பலமுறை பொய்த்தது, கரும்புப் பரப்பும் சுருங்கியது. ஆகவே சக்கையோடு மரக்கூழும் தேவையாயிற்று. இயற்கைக் காட்டைத் தொடாமல், உழவர் நிலத்தில் யூகலிப்டஸ், சவுக்கு, மலைவேம்பு ஆகியவற்றை வளர்க்கும் திட்டத்தை நிறுவனம் 2000களின் நடுவிலேயே தொடங்கியிருந்தது. மொண்டிப்பட்டியில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் அட்டை செய்யும் ஆலை 2016இல் இயங்கத் தொடங்கியபொழுது கூழை வெளியிலிருந்து வாங்கினர். 2022இன் இறுதியில் அங்கேயே மரக்கூழ் ஆலை முறைப்படி திறக்கப்பட்டது. மரக்கூழாகையால் மணற்சத்துச் சிக்கல் அங்குக் குறைவு. கறுத்த சாறும் சுண்ணாம்பும் சுற்றிச்சுற்றி வரும். உள்ளே வட்டம் முன்னிலும் நிறைவானது. அவ்வளவும் மெய்.

ஆனால் மூப்பரின் நிலம் ஆலைச்சுவருக்கு வெளியே உள்ளது. நம் பகுதியில் ஆர்.எஸ்.பதி என்று வழங்கும் யூகலிப்டஸ் நான்கைந்து ஆண்டில் வெட்டுக்கு வரும். வெட்டியபின் அடிக்கட்டை மீண்டும் தழைக்கும், இரண்டு மூன்று முறை அறுவடை கிடைக்கும். ஆட்கூலி குறைவு, ஆடு கடிப்பதில்லை. பிள்ளைகள் ஊரில் இல்லாத குடும்பத்திற்கு அது வரப்பிரசாதமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. மறுபுறம், அதன் வேர் ஆழமானது, வளர்ச்சி விரைவானது. ஆண்டுக்குச் சராசரி 800 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் நம் மாவட்டத்தில், நெருக்கமாக நட்ட தோப்பு மண்ணின் ஈரத்தை மழை நிரப்புவதினும் விரைவில் குடித்துவிடக்கூடும். கர்நாடக அரசு 2017இல் புதிதாக அதை நடுவதற்குத் தடைவிதித்தது இவ்வச்சத்தினாலேயே. கழுதைமேல் பழி ஏற்றுவதுபோல எல்லா வறட்சிக்கும் அம்மரத்தையே பழிப்பதும் நேர்மையன்று. ஆழ்குழாய்க் கிணறுகளும் தூர்ந்த குளங்களும் அதில் பங்குடையவை. எத்தனை மரம், எவ்வளவு இடைவெளி, பக்கத்தில் யாருடைய கிணறு என்பவையே வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

இரண்டு மாதங்களுக்குப் பின் மீண்டும் அச்சபைக்குச் சென்றபொழுது, இவற்றையெல்லாம் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொன்னோம். ஆலைக்குள் வீணாவது மிகக் குறைவு என்று அவர் கேட்டது உண்மை என்றும், அவ்வட்டத்தில் அவருடைய மழைநீரும் ஒரு கண்ணி என்றும், அதற்கு விலை எந்தத் தாளிலும் எழுதப்பட்டிராது என்றும் கூறினோம். அகன்ற இடைவெளியில் வரிசை விட்டு நட்டால் முதலாண்டு ஊடே கடலை போடலாம். வெட்டு முடிந்து மீண்டும் உழ நினைத்தால் கட்டைகளைப் பிடுங்கும் செலவு அவருடையதே. கீழ்ப்புறத்துக் கிணற்றுக்காரரிடம் பேசாமல் நடவேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "கீழ்ப்புறக் கிணறு என் தம்பியினுடையது, ஐயா. அவனோடு பேசிப் பதினோரு வருஷமாகிறது" என்றார்.

மரம் இன்னும் நடப்படவில்லை. வருகிற மாதம் தம்பியின் வீட்டிற்கு அவருடன் நாமும் செல்வதாக இருக்கிறோம்.